விற்ற பொருளின் கணக்கு: அணுசக்தித் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிலிருந்து அணுப்பொருளோ, சில வகை அணு உலைகளுக்குத் தேவைப்படும் கனநீரோ, அணு உலையோ, அதன் உறுப்புகளோ அமைதிப் பணிக்கென்று வெளிநாட்டுக்கு விற்கப்படும்போது, வாங்குகிறவரிடம் நாம் என்னென்ன நிபந்தனைகளை எழுதி வாங்கினோம் என்பதை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். விற்ற பொருள் எங்கே, எந்த வடிவில், எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை மக்களுக்கு வெளியிட வேண்டும்.

இதைக் கேட்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று என் தந்தை. மற்றொன்று என் பழைய மாணவர் ஒருவர்.

என் தந்தை வெள்ளிப் பட்டறையில் கணக்குப்பிள்ளை. கொலுசுக்குப் பெயர்பெற்ற ஊர் எங்களுடையது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் என்று சந்துக்குச் சந்து பட்டறைகள். வியாபாரி கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். அது மூசையில் உருகும், கம்பியாக இழுபடும், வெட்டுப்படும், பற்றவைக்கப்படும், அரம் படும், கடைசியில் மெருகேறும். இந்த வேலைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் இன்னொருவர், மெருகு போடுகிறவர் மூன்றாம் தெருவில். ஒவ்வொரு கை மாறும்போதும் நடுவில் ஒரு தராசு இருக்கும். கொடுத்த எடை இவ்வளவு, திரும்பிய கொலுசு இவ்வளவு, துண்டுக் கம்பி இவ்வளவு, அரப்பொடி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு. மாலையில் தரையைக் கூட்டி அந்த மண்ணையும் சேர்த்து வைப்பார்கள். அதை அலசி வெள்ளி எடுப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். சேதாரம் வழக்கமான அளவுக்குள் இருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. தாண்டிவிட்டால் அன்றிரவு பட்டறை பூட்டப்படாது. "யாரையும் திருடன் என்று சொல்லக் கூடாது. கணக்கு நேராகும் வரை யாரும் வீட்டுக்குப் போகவும் கூடாது" என்பார் அப்பா.

1957இல் வியன்னாவில் தொடங்கப்பட்ட சர்வதேச அணுசக்தி முகமை உலகம் முழுவதும் செய்துகொண்டிருப்பது இந்த வேலையைத்தான். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. உள்ளே வந்தது, வெளியே போனது, கையில் இருப்பது, கணக்கில் வராதது என்ற நான்கு பத்திகள். இருப்பறைக்கு முத்திரை, உலைக்கூடத்தில் நிழற்படக் கருவி, முன்னறிவிப்போடும் இல்லாமலும் வரும் ஆய்வாளர். எவ்வளவு காணாமல் போனால் பதற வேண்டும் என்பதற்கும் முகமை ஓர் அளவு வைத்திருக்கிறது. புளூட்டோனியம் என்றால் 8 கிலோ. உயர்செறிவு யுரேனியம் என்றால் அதில் எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ. ஒரு குண்டு செய்வதற்கு அவ்வளவு இருந்தால் வாய்ப்பு உண்டு என்று கொண்ட அளவு அது. எங்கள் தெருவில் ஒரு சிறு பட்டறைக்கு வாரம் வந்து போகும் வெள்ளியைவிடக் குறைந்த எடை.

வெள்ளிக் கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. இரண்டு வியாபாரிகளின் வெள்ளி ஒரே மூசையில் உருகிவிட்டால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அப்பா பிரிக்க முயன்றதும் இல்லை. முப்பது கிலோவில் பத்து கிலோ இன்னாருடையது என்றால், வெளிவரும் பொருளில் மூன்றில் ஒரு பங்கு அவர் பெயரில் எழுதப்படும், சேதாரமும் அந்த விகிதத்திலேயே. ஆஸ்திரேலியாவும் கனடாவும் தங்கள் யுரேனியத்தை விற்கும்போது பின்பற்றுவது இதே முறைதான். அந்த யுரேனியம் மாவாகி, வளிமமாகி, யுரேனியம்-235இன் பங்கு கூடும்படி செறிவூட்டப்பட்டு, எரிகோலாகி, உலையில் எரிந்து, அதற்குள் புளூட்டோனியம் பிறந்த பிறகும் அந்தப் பங்கு விற்ற நாட்டின் பெயரிலேயே நிற்கிறது. அதை மறுபதப்படுத்த, அதாவது எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமா, மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமா, 20 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்ட வேண்டுமா, விற்றவரின் ஒப்புதல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் கண்காணிப்பு அலுவலகம் ஆண்டுதோறும் தன் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்கிறது. வெளிநாடுகளில் உள்ள ஆஸ்திரேலிய யுரேனியம் எந்தெந்த வடிவில் எத்தனை டன், அதிலிருந்து உண்டான புளூட்டோனியம் எத்தனை டன் என்று அதில் அட்டவணை இருக்கும். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அதைப் படிக்க முடிகிறது. நம் நாடு விற்றதைப் பற்றி அப்படி ஓர் அட்டவணையை நான் படித்ததில்லை.

கணக்கில் வராதது என்றாலே களவு என்று பொருளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் டோக்காய் மறுபதப்படுத்தும் ஆலையில் கால் நூற்றாண்டுக் காலத்தில் 206 கிலோ புளூட்டோனியம் கணக்கில் வரவில்லை என்று 2003 ஜனவரியில் அந்நாட்டு அரசு அறிவித்தது. சில மாதங்களில் மறுகணக்குப் போட்டு அதை 59 கிலோவாகக் குறைத்தார்கள். யாரும் எடுத்துப் போகவில்லை. கழிவோடு போனதும், எரிபொருளில் எவ்வளவு புளூட்டோனியம் இருக்கும் என்று முதலில் கூடுதலாக மதிப்பிட்டதும் காரணம் என்றார்கள். பட்டறை மொழியில் சொன்னால், கூட்டிய மண்ணை அலசிப் பார்த்தார்கள். 206 என்ற எண்ணை வெளியே சொல்ல அந்த அரசுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் சொன்னார்கள். அந்தக் கூச்சத்தைத் தாங்கும் பழக்கம் நம் துறைக்கும் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதாக இல்லை.

1974 மே 18, சனிக்கிழமை. எனக்குப் பதினான்கு வயது, கோடை விடுமுறை, பட்டறையில் அப்பாவோடு இருந்தேன். போக்ரானில் நாம் அணுவெடிச் சோதனை நடத்திவிட்டோம் என்று வானொலியில் செய்தி வந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். பக்கத்துக் கடைக்காரர் மைசூர்பாகு வாங்கிவந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அன்று எனக்குள் எழுந்த பெருமிதம் பொய்யில்லை. நான் இயற்பியல் படித்ததற்கே அந்த மாலைதான் காரணம்.

அந்தப் புளூட்டோனியம் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். டிராம்பேயில் இருந்த சைரஸ் உலையிலிருந்து. அந்த உலையைத் தந்தது கனடா. ஒப்பந்தம் 1956இல் போடப்பட்டது. உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான கனநீரைத் தந்தது அமெரிக்கா. உலையும் அதில் உண்டாகும் பொருளும் அமைதிப் பணிகளுக்கே பயன்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எழுதியதோடு சரி. வந்து பார்ப்பதற்கு ஏற்பாடு இல்லை, அளந்து பார்ப்பதற்கும் இல்லை. வியன்னா முகமையே அப்போது பிறக்கவில்லை. 1971இல் கனடாவின் பிரதமர் பியர் ட்ரூடோ, எங்கள் பொருளை வெடிசோதனைக்குப் பயன்படுத்தினால் உறவை மறுபரிசீலனை செய்வோம் என்று இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்துச் சோதனை நடந்தது. அதை 'அமைதிக்கான அணுவெடிப்பு' என்றோம். 'அமைதி' என்ற ஒரே சொல்லுக்கு விற்றவர் ஒரு பொருளும் வாங்கியவர் இன்னொரு பொருளும் கொண்டிருந்தார்கள் என்பதே நம் தரப்பு வாதம்.

இதை அப்பாவிடம் ஒருநாள் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கொடுத்தவன் எடை போட்டுக் கொடுக்கவில்லையா?"

நாம் செய்தது சரியா தவறா என்ற வாதத்தை இந்த மடலில் தீர்க்க நான் முயலவில்லை. அந்த அறிவியலாளர்களின் திறமை மீது எனக்கிருக்கும் மதிப்பும் குறையவில்லை. ஆனால் அப்பாவின் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை வாங்காமல் விற்றது கனடாவின் பிழை. அந்தப் பிழைக்கு நாமும் விலை கொடுத்தோம். கனடா கைவிட்டுப் போனது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாம் உலையை நாமே தட்டுத் தடுமாறி முடித்தோம். போக்ரானைக் காரணமாக வைத்தே, அணுப்பொருள் விற்பனைக்கு விதி வகுக்கும் அணுசக்தி விநியோக நாடுகளின் குழு உருவானது. 1963 உடன்பாட்டின்படி தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு முப்பது ஆண்டுகள் எரிபொருள் தருவதாக ஒப்புக்கொண்ட அமெரிக்கா, 1978இல் சட்டத்தை மாற்றிக்கொண்டு பின்வாங்கியது. பிரான்சை நாடினோம், பிறகு சீனாவையும் ரஷ்யாவையும். தாராப்பூரில் எரிந்து முடிந்த எரிபொருளை மறுபதப்படுத்த விற்றவரின் ஒப்புதல் வேண்டுமா வேண்டாமா என்ற தகராறில் அது பல்லாண்டுகள் குளத்திலேயே கிடந்தது. 2008 செப்டம்பரில் விநியோக நாடுகளின் குழு தன் விற்பனை விதியிலிருந்து நமக்கு விலக்கு அளிக்கும் வரை முப்பத்து நான்கு ஆண்டுகள். கனடாவிலிருந்து மீண்டும் யுரேனியம் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது 2015 ஏப்ரலில். 70 லட்சம் பவுண்டுக்கு மேல். அதற்குள் என் தலைமுறை நரைத்துவிட்டது.

விலக்குக் கிடைப்பதற்கு முன் நாம் எவ்வளவு கணக்குக் காட்ட ஒப்புக்கொண்டோம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றிருந்த, கட்டப்பட்டுக்கொண்டிருந்த 22 மின் உலைகளில் 14ஐ முகமையின் கண்காணிப்பில் வைப்பதாகச் சொன்னோம். சொன்னபடி 2014க்குள் வைத்தோம். தமிழ்நாட்டிலேயே அந்தக் கோடு ஓடுகிறது. கூடங்குளத்தின் உலைகளுக்குள் வியன்னாவின் ஆய்வாளர் வரலாம். கல்பாக்கத்தின் இரண்டு பழைய உலைகளுக்குள் வர முடியாது. எரிப்பதைவிடக் கூடுதல் எரிபொருளை உண்டாக்கவல்ல வேக ஈனுலைக்குள்ளும் முடியாது. அந்த வேலி சரியா என்பது வேறொரு கடிதத்துக்கான பொருள். வாங்குபவராக நாம் எதையெல்லாம் ஏற்றோம் என்பதை நினைவூட்டவே அதைச் சொன்னேன். ஆஸ்திரேலியா நமக்கு யுரேனியம் விற்கலாமா என்று அவர்கள் நாடாளுமன்றக் குழு திறந்த விசாரணை நடத்தியது. அந்நாட்டுக் கண்காணிப்பு அலுவலகத்தின் முன்னாள் தலைவரே ஒப்பந்தத்தில் ஓட்டைகள் இருப்பதாக எழுத்தில் எதிர்வாதம் வைத்தார். சில நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே விற்க வேண்டும் என்று 2015 செப்டம்பரில் குழு பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்காமல் நவம்பரில் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கணக்கை எப்படிப் பரிமாறுவது என்ற நிர்வாக ஏற்பாட்டை மட்டும் வெளியிடவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் விவாதம் நடந்தது. நம்மைப் பற்றி, நம் உலைகளைப் பற்றி, நம் வாக்கின் மதிப்பைப் பற்றி, ஒரு தூர தேசத்தின் குடிமக்கள் ஊர் கூடிப் பேசினார்கள். நாம் விற்கப்போகும் பொருளைப் பற்றி நம் நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு நாள் பேசினால் என்ன?

நாம் விற்பவர்களாகிவிட்டோம், ஐயா. தென் கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கனநீர் விற்றிருக்கிறோம். ஒரு காலத்தில் கனநீருக்கு அல்லாடிய நாடு விற்கும் நிலைக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான். நம்முடைய 220 மெகாவாட் அழுத்தக் கனநீர் உலை சிறிய நாடுகளுக்கு ஏற்றது என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. வங்கதேசத்தின் ரூப்பூரில் ரஷ்யா கட்டும் அணுமின் நிலையத்தில் பங்கேற்க 2018இல் உடன்பாடு செய்துகொண்டோம். 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 வரவு செலவுத் திட்டம் இலக்கு வைத்தது, சிறு உலைகளின் ஆய்வுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியது, தனியாரையும் அழைத்தது. வீட்டில் இவ்வளவு பெரிய தொழில் வளர்ந்தால் அது வாசலைத் தாண்டி வெளியேயும் விற்கத்தான் செய்யும். விற்கட்டும். நாளை நம்மிடம் வாங்குகிற நாடு, 'அமைதி' என்ற சொல்லுக்கு நாம் ஒருகாலத்தில் கொடுத்த விளக்கத்தையே நமக்குத் திருப்பிக் கொடுத்தால் எந்த முகத்தோடு கேள்வி கேட்போம்? 1956இன் கனடாவாக நாம் இருந்துவிடக் கூடாது. விற்பவர் தனியார் நிறுவனமாக இருந்தாலும் பேரேடு அரசின் கையில் இருக்க வேண்டும். அதன் கடைசிப் பக்கம் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

என் மாணவரின் கதைக்கு வருகிறேன். இரும்பாலை ரோட்டில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கணினியில் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் இரண்டை வங்கிக் கடனில் வாங்கியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன் வளைகுடாவிலுள்ள ஒரு வணிக நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் ஒரு விசாரணை வந்தது. உயர்வலிமை அலுமினியக் குழாய். வெளிவிட்டம் 120 மில்லிமீட்டர். சுவரின் தடிமனில் மயிரிழை பிசகக் கூடாது. நீரேற்று இயந்திரத்துக்குத் தேவை என்று எழுதியிருந்தார்கள். நல்ல விலை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சார், தண்ணீர் இறைக்க இவ்வளவு துல்லியம் எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதில் எனக்கு உண்டான நிறைவைச் சொல்ல முடியாது.

இருவரும் உட்கார்ந்து தேடினோம். சாதாரணத் தொழிலுக்கும் அணு ஆயுதத்துக்கும் உதவக்கூடிய பொருள்களுக்கென்று விநியோக நாடுகளின் குழு வைத்திருக்கும் இரட்டைப் பயன் பட்டியலில், குறிப்பிட்ட வலிமைக்கு மேற்பட்ட அலுமினியக் கலவைக் குழாய் 75 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தைத் தாண்டினால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குப் பொறியின் சுழலியை அப்படிப்பட்ட குழாயில் செய்ய முடியும் என்பதே காரணம். நம் நாட்டில் இதற்கு ஸ்கோமெட் என்ற பட்டியல் இருக்கிறது. அதன் பூஜ்யப் பிரிவிலுள்ள அணுப்பொருள்களுக்கு உங்கள் துறையும், மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமும் உரிமம் தருகின்றன. பக்கம் பக்கமாக ஆங்கிலம். நான் தேடிய வரையில் தமிழில் அது கிடைக்கவில்லை. என் மாணவர் ஓர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் யுரேனியமா விற்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வேறோர் எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. பதினொரு லட்ச ரூபாய் வேலையை அவர் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த மாதத் தவணைக்கு மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

அவர் வீணாகப் பயந்தார் என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு 2003ஐ நினைவூட்டுகிறேன். லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிபிசி சைனா என்ற கப்பல் அந்த ஆண்டு அக்டோபரில் இத்தாலிக்குத் திருப்பப்பட்டது. உள்ளே மையவிலக்குப் பொறிக்கான உறுப்புகள் இருந்தன. அவற்றைச் செய்தது மலேசியாவின் ஷா ஆலம் நகரிலுள்ள ஒரு பட்டறை. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான உறுப்புகள் என்று நம்பியே துபாயிலிருந்து வந்த ஆர்டரை ஏற்றதாக அந்த நிறுவனம் சொன்னது. அணு ஆயுதத் தொழில்நுட்பத்தைக் கள்ளத்தனமாக விற்ற பாகிஸ்தான் அணு அறிவியலாளர் ஏ.க்யூ.கான் விரித்த வலையில் அந்தப் பட்டறை ஒரு கண்ணி. அதைத் தொடர்ந்தே 2004 ஏப்ரலில் பேரழிவு ஆயுதங்களும் அவற்றுக்கான பொருள்களும் தவறான கைகளுக்குப் போகாமல் எல்லா நாடுகளும் தடுக்க வேண்டும் என்ற 1540ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றியது. 2005இல் நம் நாடாளுமன்றம் பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான சட்டத்தை இயற்றியது. சட்டம் டெல்லியில் இருக்கிறது. ஆபத்து வந்து கதவைத் தட்டுவது இரும்பாலை ரோட்டில். நடுவில் யாரும் இல்லை.

ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் ஏற்றும் லாரிக்கு நடைச்சீட்டு வேண்டும். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய காலத்திலும் அப்படித்தான். எந்தச் சுரங்கம், எத்தனை டன், எந்த ஆலைக்கு என்று சீட்டில் இருக்கும்; வழியில் நிறுத்திக் கேட்டால் ஓட்டுநர் காட்ட வேண்டும். அந்த ஓட்டுநருக்கு என்ன கேட்பார்கள் என்று தெரியும், ஏனென்றால் சீட்டு அவர் மொழியில் இருக்கிறது. என் மாணவரைப் போன்றவர்கள் சேலத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? கோவையிலும் ஓசூரிலும் எத்தனை பட்டறைகள்! அவர்களுக்காக, இங்குள்ள இயந்திரங்களில் செய்யக்கூடிய கட்டுப்பாட்டுப் பொருள்களை மட்டும் தொகுத்து, அளவும் கலவையும் படமும் போட்டு, தமிழில் ஒரு சிறு கையேடு வெளியிடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் வாரம் ஒருநாளாவது பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் உட்காரட்டும். சந்தேகம் வந்து தாமாகவே கேட்கிறவரைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள். உலகத்தின் முதல் காவல் அவர்தான்.

தென்கடற்கரை மணலையும் மறந்துவிட முடியாது. அதிலுள்ள மோனசைட் என்ற தாதுவில் அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் இருக்கிறது என்பதும், அது உங்கள் துறையின் உரிமத்துக்கு உட்பட்ட பொருள் என்பதும் தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லோருக்கும் தெரியும். அதே மணலிலுள்ள கார்னெட், இல்மனைட் தாதுக்கள் கப்பலேறிய காலத்தில் மோனசைட்டும் சேர்ந்து போனதா என்ற கேள்வி பல ஆண்டுகள் தமிழ்நாட்டைக் கொதிக்க வைத்தது. 2013இல் மாநில அரசு கடற்கரைத் தாதுமணல் எடுப்பதை நிறுத்தியது. 2018இல் ஏற்றுமதியை ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் வழியாக மட்டுமே என்று மத்திய அரசு மாற்றியது. குற்றச்சாட்டில் எது உண்மை என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். ஆண்டுதோறும் இவ்வளவு மணல் சலித்தோம், இவ்வளவு மோனசைட் பிரிந்தது, இதோ இங்கே இருக்கிறது என்ற கணக்கு தமிழில் அந்த ஊர்களின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் இவ்வளவு சந்தேகம் வளர்ந்திருக்காது.

நாட்டின் பாதுகாப்பு கருதி இவற்றை வெளியிட முடியாது என்பீர்கள். எந்தக் கிடங்கில் எந்த அலமாரி என்று நான் கேட்கவில்லை. கப்பல் எந்த நாளில் புறப்படும் என்றும் கேட்கவில்லை. எந்த நாட்டுக்கு எத்தனை டன், எந்த வடிவில், எந்த நிபந்தனையோடு என்ற மொத்தக் கணக்கு போதும். அதை வெளியிடுவதால் ஆஸ்திரேலியாவுக்கு எந்த ஆபத்தும் வந்ததாகத் தெரியவில்லை. விநியோக நாடுகளின் குழுவில் நாம் இன்னும் உறுப்பினரே இல்லையே, நமக்கு ஏன் இந்தக் கட்டாயம் என்றும் சிலர் கேட்கக்கூடும். 2016இல் விண்ணப்பித்தோம், சியோல் கூட்டத்தில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. குழுவின் விதிகளை உறுப்பினராகாமலே பின்பற்றுகிறோம் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறோம். பின்பற்றுவது உண்மையென்றால் கணக்கை மேசையில் விரித்து வைப்பதைவிட நல்ல சான்று எது? அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாம், பிறரிடம் நிபந்தனை கேட்பது எப்படி என்ற கேள்வி இன்னும் கடினமானது. அதற்கு என் பதில் இது: வாங்குபவரின் மற்றப் பொருள்களைப் பற்றி நாம் கேட்கக் கூசலாம். நாம் கொடுத்த பொருள் எங்கே என்று கேட்க எவருக்கும் கூச்சம் தேவையில்லை. கண்காணிப்பில்லாத இடத்துக்கு அது போகக் கூடாது, நம்மைக் கேட்காமல் கை மாறக் கூடாது, வாக்கு மீறினால் திரும்ப வேண்டும். இந்த மூன்றையும் எந்த நாட்டிடமும் நாம் நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

அப்பா இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பேரேடுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. ஆண்டு முடிவில் வியாபாரியையும் பட்டறைக்காரரையும் எதிரெதிரே உட்காரவைத்து, வேலையாட்களும் கேட்கும்படி உரக்கப் படிப்பார். வேலையாட்கள் எதற்கு என்று வியாபாரி ஒருமுறை கேட்டதற்கு, சேதாரம் அதிகமானால் கூலி பிடிக்கப்போவது அவர்களுக்குத்தானே என்றார்.

வளைகுடாவிலிருந்து என் மாணவருக்கு வந்த விசாரணையின் நகலை, அவருடைய ஒப்புதலோடு, தங்களுக்கு அஞ்சலில் தனியே அனுப்பியிருக்கிறேன். அவர் மறுத்த பிறகு அதே வரைபடம் வேறெந்த ஊர்ப் பட்டறைக்குப் போயிருக்கிறது என்பதை உங்கள் அலுவலர்கள்தான் விசாரிக்க முடியும். விசாரித்து, பதிலை அவருக்கே எழுதுங்கள். தமிழில் எழுதினால் பன்னிரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.